டிராயருக்குள்ள ஒரு மார்ச் மாசம்

ரொம்ப நாளா எழுதணும்னு நெனச்சு தள்ளிப் போட்டுக்கிட்டே வந்த விஷயம் இது. ஒவ்வொரு வருஷமும் ஏப்ரல் வந்தா மனசுக்குள்ள திட்டித் தீர்த்துட்டு விட்டுடுவேன். இந்த வாட்டி எழுதிடறது. கணக்கு சமாச்சாரம்னு ஓடிடாதீங்க. டெபிட் கிரெடிட் தெரியாதவங்களுக்கும் புரியற மாதிரிதான் சொல்லப் போறேன்.

மொதல்ல நம்ம ஊர்க் கதை. பாண்டிச்சேரி 1954 நவம்பர் 1-ஆம் தேதி இந்தியா கைக்கு வந்துடுச்சு. ஒப்பந்தத்துல கையெழுத்துப் போட்டது 1956 மே 28. சட்டப்படி எல்லாம் முடிஞ்சு பேப்பர் கைக்கு வந்தது 1962 ஆகஸ்ட் 16. நடுவுல கிட்டத்தட்ட எட்டு வருஷம். அந்த எட்டு வருஷமும் இங்க ஆட்சி நடத்தினது யாரு? இந்தியாதான். "பேப்பர் இன்னும் வரல, அதனால ஒண்ணுமே நடக்கல"ன்னு அப்போ யாராவது சொல்லியிருந்தா கோரிமேட்டுலேர்ந்து பீச் ரோடு வரைக்கும் சிரிச்சிருப்பாங்க.

சம்பவம் நடந்த தேதி ஒண்ணு, பேப்பர் வந்த தேதி வேற. சம்பவம் நடந்த தேதிதான் கணக்கு. இதுக்குப் பேருதான் அக்ரூவல். பாண்டிக்காரனுக்கு இதைத் தனியா பாடம் எடுக்கணுமா என்ன?

எடுக்கணும் போல இருக்கு. ஏன்னா வழுதாவூர் ரோட்டுல போயி மேட்டுப்பாளையம் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டுக்குள்ள நுழைஞ்சா நிலைமை வேற. அங்க மார்ச் 31-ஆம் தேதி சாயங்காலம் அக்கவுண்ட்ஸ் ரூம்ல என்ன நடக்கும்னு இருபது வருஷத்துக்கு மேல பாத்தவன் நான். லாரி வாடகை பில்லு, காண்ட்ராக்ட் லேபர் பில்லு, ஜாப் ஒர்க் பண்ணிக் குடுத்தவரோட பில்லு, எல்லாம் டேபிள்ல இருக்கும். மேலேர்ந்து ஒரு குரல் வரும். "தம்பி, இந்த வருஷத்துக்கு இது போதும். மிச்சத்தை டிராயர்ல போடு. ஏப்ரல் 5 தேதி போட்டு புது பில்லு வாங்கிக்கோ."

சரக்கு வந்தாச்சு. ஜி.ஆர்.என். போட்டாச்சு. அந்த சரக்குல பொட்டி செஞ்சு வித்தும் முடிச்சாச்சு. வித்த பணம் இந்த வருஷ வரவுல உட்கார்ந்திருக்கு. ஆனா செலவு மட்டும் அடுத்த வருஷம்! மார்ச் மாசம் பூரா மெஷின் ஓடின கரண்ட்டுக்கு பில்லு ஏப்ரல்ல வருது. அதனால மார்ச்சுல கரண்ட்டே இல்லாம மெஷின் ஓடுச்சுன்னு அர்த்தமா?

இதுல அடி வாங்கறது யாருன்னு பாருங்க. அந்த ஜாப் ஒர்க்காரர். பக்கத்து ஷெட்டுல நாலு ஆளை வெச்சு கோட்டிங் அடிச்சுக் குடுக்கறவர். மார்ச் 10-ஆம் தேதி முடிச்ச வேலைக்கு ஏப்ரல் பில்லு குடுன்னா, அவருக்குப் பணம் வர்றதும் ஒரு மாசம் தள்ளிப் போகுது. இத்தனைக்கும் 2006-ஆம் வருஷ எம்.எஸ்.எம்.ஈ. சட்டம் நாள் எண்ண ஆரம்பிக்கறது சரக்கையோ வேலையையோ ஏத்துக்கிட்ட நாள்லேர்ந்து. பில்லுல என்ன தேதி இருக்குன்னு அது பாக்கறதில்ல. எழுத்துல ஒப்பந்தம் இருந்தாலும் அதிகபட்சம் 45 நாள்தான். 2023 பட்ஜெட்ல ஒரு படி மேல போயி, சிறு, குறு நிறுவனங்களுக்கு அந்தக் கெடுவுக்குள்ள பணம் தரலைன்னா, பணம் குடுக்கற வருஷத்துலதான் அந்தச் செலவை வரிக்குக் கழிக்க முடியும்னு கொண்டு வந்தாங்க. 2024-25 அசெஸ்மெண்ட் வருஷத்துலேர்ந்து நடைமுறை. சட்டத்துக்கே புரிஞ்சிருக்கு, பில்லு வேற, கடன் வேறன்னு.

"சின்ன விஷயத்தைப் பெருசாக்கறே"ன்னு சொல்றவங்களுக்கு ஒண்ணு. சத்யம் கம்ப்யூட்டர்ஸ் ராமலிங்க ராஜு 2009 ஜனவரி 7-ஆம் தேதி எழுதின கடிதத்தை எல்லாரும் 5,040 கோடி ரூபா இல்லாத பணத்துக்காகத்தான் ஞாபகம் வெச்சிருக்காங்க. அதே கடிதத்துல கணக்குல காட்டாத கடன் பாக்கி 1,230 கோடின்னும் இருந்துச்சு. இல்லாததை இருக்குன்னு சொல்றது ஒரு பொய்யின்னா, குடுக்க வேண்டியதை இல்லைன்னு சொல்றதும் அதே சைஸ் பொய்தான்.

*

சரி, மெயின் மேட்டருக்கு வர்றேன். வாரண்ட்டி.

நான் முன்னாடி வேலை பாத்த ஒரு கம்பெனி. பேரு வேணாம். வோல்டேஜ் ஸ்டெபிலைசர் செய்யற யூனிட். வருஷத்துக்குப் பத்தாயிரம் பொட்டி, ஒண்ணு சராசரியா 2,000 ரூபா, ஆக மொத்தம் 2 கோடி விற்பனை. ஒவ்வொரு பொட்டிக்கும் ரெண்டு வருஷ வாரண்ட்டி கார்டு. மூணு வருஷ சர்வீஸ் ரெஜிஸ்டரைப் பிரிச்சுப் பாத்தா, நூத்துக்கு நாலு பொட்டி திரும்பி வரும். ரிலே, டிரான்ஸ்போர்ட், கூலி எல்லாம் சேர்த்து ஒரு பொட்டிக்கு 450 ரூபா. பத்தாயிரத்துல நாலு சதவீதம் 400 பொட்டி. 400 தடவை 450, ஒரு லட்சத்து எண்பதாயிரம். அவ்ளோதாங்க கணக்கு. ஏழாம் கிளாஸ் பையன் போடுவான்.

இந்த 1,80,000 எந்த வருஷச் செலவு? பொட்டியை வித்த வருஷச் செலவு. கார்டுல சீல் குத்திக் குடுத்த அன்னிக்கே கடன் வந்தாச்சு. எந்தப் பொட்டி கெடும், எந்த ஊர்லேர்ந்து வரும்னு தெரியாது. ஆனா நானூறு வரும்னு தெரியும்.

அங்க அந்த ஒதுக்கீடே கிடையாது. "வரும்போது பாத்துக்கலாம்" பாலிசி. ஒரு வருஷம் ஜனவரியில ரிலே சப்ளையரை மாத்தினாங்க. பீஸுக்கு அஞ்சு ரூபா கம்மி. பிப்ரவரி, மார்ச்சுல மட்டும் மூவாயிரம் பொட்டி டீலருங்க தலையில கட்டினாங்க. சேல்ஸ் டார்கெட் முடிஞ்சு இன்சென்டிவ் வாங்கியாச்சு. ஏப்ரல் நடுவுல வெயிலு ஏறி, சாயங்காலமானா வோல்டேஜ் விழ ஆரம்பிச்சுது. ரிலே கட கடன்னு அடிச்சு ஒட்டிக்கிச்சு. விழுப்புரம், கடலூர், திண்டிவனம்னு வண்டி வண்டியா பொட்டி திரும்பி வருது. மே கடைசியில முந்நூறைத் தாண்டிடுச்சு.

சர்வீஸ் இன்சார்ஜ் ஒருத்தர் இருந்தார். எல்லாருக்கும் அவர் அண்ணன்தான். முதல் இருபது பொட்டியைத் திறந்த உடனேயே ரிலே பேட்ச் நம்பரை எழுதி மேல குடுத்தார். போன வருஷக் கணக்கு இன்னும் முடியல. ஆடிட்டர் கையெழுத்து ஆகஸ்ட்லதான். நான் போயி சொன்னேன், "சார், இது போன வருஷம் வித்த பொட்டி. கணக்கு மூடறதுக்கு முன்னாடியே நமக்குத் தெரிஞ்சு போச்சு. குறைஞ்சது அஞ்சு லட்சமாவது ஒதுக்கணும்."

முதலாளி சிரிச்சார். "கஸ்டமர் எந்த வருஷம் கொண்டு வர்றான்? இந்த வருஷம். அப்போ இந்த வருஷ செலவு. போன வருஷத்தை ஏன்பா கிளர்றே? பேங்க்ல லிமிட் ஏத்தச் சொல்லி பேப்பர் குடுத்திருக்கு, தெரியுமில்ல?"

ஆடிட்டரைப் பாத்தேன். அவர் கண்ணாடியைத் தொடச்சுக்கிட்டே, "அவ்ளோ பெரிய தொகை இல்லையே தம்பி"ன்னார். அந்த வருஷ நிகர லாபமே பதினாலு லட்சம்!

அப்புறம் என்ன ஆச்சு? பேங்க் லிமிட் ஏறுச்சு. சேல்ஸ் மேனேஜருக்குப் பாராட்டு. அடுத்த வருஷம் சர்வீஸ் டிபார்ட்மெண்ட் செலவு மூணு மடங்கா நிக்குது. ரிவ்யூ மீட்டிங்ல அண்ணனை எழுப்பி நிக்க வெச்சு, "உன் டிபார்ட்மெண்ட் ஏன் இப்படி காசைக் கரியாக்குது?"ன்னு கேட்டாங்க. இன்க்ரிமெண்ட் கட். தீபாவளிக்கு முன்னாடி அவரே எழுதிக் குடுத்துட்டுப் போயிட்டார். மொதல்ல தப்பைக் கண்டுபிடிச்சவர் தலையிலயே அந்தத் தப்போட செலவு விழுந்துச்சு.

கணக்குல வருஷம் மாத்தி எழுதறதுங்கறது வெறும் எண் விளையாட்டு இல்லைன்னு எனக்கு அன்னிக்குத்தான் உறைச்சுது. யாரு பண்ணின செலவை யாரு பேர்ல எழுதறோம்ங்கறதுதான் விஷயம். நான் யோக்கியன்னு சொல்ல வரல. அந்த வருஷ ஃபைனல் வவுச்சர் எல்லாத்துலயும் என் கையெழுத்து இருக்கு.

*

இதுக்கு வழக்கமா சொல்ற சப்பைக்கட்டுகளை ஒண்ணொண்ணா பாத்துடலாம்.

முதல் சப்பைக்கட்டு: "வராத செலவுக்கு எப்படி எழுதறது?"

கணக்கியல் தரம் 29 இதுக்காகவே இருக்கு. 2004 ஏப்ரல் 1-லேர்ந்து நடைமுறை. மூணே கேள்விதான். நடந்து முடிஞ்ச ஒரு சம்பவத்தால இன்னிக்கு ஒரு பொறுப்பு இருக்கா? அதைத் தீர்க்க காசு போகறதுக்கு வாய்ப்பு அதிகமா? தொகையை நம்பகமா மதிப்பிட முடியுமா? மூணுக்கும் ஆமான்னா ஒதுக்கியே ஆகணும். இஷ்டம் இருந்தா ஒதுக்கலாம்னு அதுல இல்ல. மார்ச் 31-க்கு அப்புறம், கணக்கை ஒப்புக்கொள்றதுக்கு முன்னாடி தெரிய வந்த சமாச்சாரத்துக்கு கணக்கியல் தரம் 4 இருக்கு. அன்னிக்கே இருந்த நிலைமையை அது காட்டிக் குடுத்துச்சுன்னா திருத்தி எழுதணும். என் கதையில வர்ற ரிலே அதுக்கு அச்சு அசல் உதாரணம்.

ரெண்டாவது சப்பைக்கட்டு: "ஒதுக்கினா இன்கம் டாக்ஸ்ல ஒத்துக்க மாட்டான்."

இதைச் சொல்றவங்க ரோட்டார்க் கேஸைப் படிச்சதில்லைன்னு அர்த்தம். ரோட்டார்க் கண்ட்ரோல்ஸ் இந்தியான்னு வால்வ் ஆக்சுவேட்டர் விக்கற கம்பெனி. மெட்ராஸ் ஹைகோர்ட் வழியா போன கேஸ், அதனால நம்ம பக்கத்துக் கேஸ்தான். பொருளை ஓட்ட ஆரம்பிச்சதுலேர்ந்து 12 மாசம், இல்லாட்டி அனுப்பினதுலேர்ந்து 18 மாசம், எது முன்னாடி வருதோ அதுவரைக்கும் வாரண்ட்டி. 1991-92 அசெஸ்மெண்ட் வருஷத்துக்கு, பழைய அனுபவத்தை வெச்சு விற்பனையில 1.5 சதவீதம், அதாவது 10,18,800 ரூபா ஒதுக்கினாங்க. அதிகமா இருந்த 5,00,246 ரூபாயைத் திருப்பி எழுதிட்டு மிச்சம் 5,18,554 ரூபாயைச் செலவா கேட்டாங்க. அதிகாரி முடியாதுன்னார். "இது வந்தாலும் வரலாம், வராமலும் போகலாம்"ங்கற பொறுப்புன்னார். டிரிப்யூனல் கம்பெனி பக்கம். ஹைகோர்ட் டிபார்ட்மெண்ட் பக்கம். கடைசியில 2009 மே 12-ஆம் தேதி சுப்ரீம் கோர்ட் கம்பெனி பக்கம் தீர்ப்பு சொல்லிச்சு. 18 மாச வாரண்ட்டிக்கு 18 வருஷ கேஸ்!

அந்தத் தீர்ப்புல ஒரு உதாரணம் வருது. 36 மாச வாரண்ட்டியோட கம்ப்யூட்டர் விக்கற கம்பெனிக்கு மூணு வழி. செலவு பண்ணும்போது எழுதறது, கஸ்டமர் க்ளெய்ம் பண்ணும்போது எழுதறது, பழைய அனுபவப்படி விற்பனையில இத்தனை சதவீதம்னு விக்கிற வருஷமே எழுதறது. முதல் வழி ரொக்கக் கணக்கு, கம்பெனிச் சட்டப்படி கூடாது. ரெண்டாவது வழியில வரவு ஒரு வருஷம், அதோட செலவு வேற வருஷம். மூணாவதுதான் பொருத்தம்னு கோர்ட் சொல்லுது. வாரண்ட்டி இல்லாம அந்த மாதிரிப் பொருளை யாரும் வாங்க மாட்டாங்க, அதனால வாரண்ட்டி விலையோட ஒட்டின ஒரு பகுதின்னும் சொல்லுது. நம்ம முதலாளி சிரிச்சுக்கிட்டே சொன்னது அந்த ரெண்டாவது வழி. நாட்டோட பெரிய கோர்ட் வேணாம்னு தள்ளினது.

ஒண்ணு மட்டும் நியாயமா சொல்லிடறேன். வரிக் கணக்குக்குன்னு தனியா வந்த ஐ.சி.டி.எஸ். விதிகள்ல, "வாய்ப்பு அதிகம்" போதாது, "நியாயமான அளவு நிச்சயம்" வேணும்னு வார்த்தையை இறுக்கிட்டாங்க. அதனால ரெஜிஸ்டர் இல்லாம குத்துமதிப்பா எழுதினா இன்னிக்கும் மாட்டிப்பீங்க. தேவை ஆதாரம். ஒதுக்காம இருக்கறதுக்கு அது சாக்கு ஆகாது.

மூணாவது சப்பைக்கட்டு: "நாங்க சின்ன கம்பெனி."

சின்ன கம்பெனிக்கும் கணக்கியல் தரம் 29 உண்டு. ஒதுக்கறதுலேர்ந்து விலக்கு கிடையாது. விலக்கு எதுக்குன்னா, ஆரம்பத்துல எவ்ளோ இருந்துச்சு, புதுசா எவ்ளோ சேர்த்தோம், எவ்ளோ செலவாச்சு, எவ்ளோ திருப்பி எழுதினோம், கடைசியில எவ்ளோ மிச்சம்னு அஞ்சு எண்ணை வெளியில காட்டறதுக்கு. எனக்கு இந்தச் சலுகை மேலதான் செம கடுப்பு. அந்த அஞ்சு எண்ணை எழுத ஒரு ஏ4 ஷீட்டுல கால்வாசி போதும். அந்த கால்வாசி இருந்திருந்தா அண்ணனை யாரும் நிக்க வெச்சுக் கேட்டிருக்க முடியாது.

*

இதுக்கு எதிர்ப்பக்கக் களவாணித்தனமும் இருக்கு. அதைச் சொல்லாம விட்டா நான் பாதி உண்மை சொன்னவன் ஆயிடுவேன்.

நல்ல வருஷத்துல தேவைக்கு மேல ஒதுக்கி வெச்சுட்டு, கெட்ட வருஷத்துல அதை எடுத்து லாபமா காட்டறது. அமெரிக்காவுல இதுக்கு பிஸ்கட் ஜாடின்னு பேரு. பங்குச் சந்தை ஆணையத் தலைவரா இருந்த ஆர்தர் லெவிட் 1998-ல இதைப் பேரு சொல்லியே திட்டினார். மிக்ஸி, கிரில் அடுப்பு மாதிரி வீட்டுச் சாமான் செஞ்ச சன்பீம் கம்பெனியை எடுத்துக்கோங்க. 1996-ல புது தலைவர் வந்ததும் 3.5 கோடி டாலர் தேவையில்லாத ஒதுக்கீடு. 1997-ல அதையெல்லாம் எடுத்து, இன்னும் பல தில்லுமுல்லு சேர்த்து, 18.9 கோடி டாலர் லாபம்னு காட்டினாங்க. அதுல குறைஞ்சது 6 கோடி டாலர் பொய்யின்னு ஆணையம் குற்றம் சாட்டுச்சு. 2001-ல கம்பெனி திவால் கோர்ட்டுல நின்னுச்சு.

இங்க இந்த ஜாடி எதுக்குப் பயன்படும் தெரியுமா? போனஸுக்கு. சட்டப்படி குறைஞ்சது 8.33 சதவீதம், அதிகபட்சம் 20. நடுவுல எங்க நிக்கும்ங்கறது லாபத்தைப் பொறுத்தது. ஒதுக்கீட்டை ஊதினா லாபம் சுருங்கும், போனஸ் 8.33-லயே நிக்கும். 1968-லயே மெட்டல் பாக்ஸ் கம்பெனிக்கும் தொழிலாளிகளுக்கும் நடந்த போனஸ் கேஸ்ல சுப்ரீம் கோர்ட் இந்த வித்தியாசத்தைப் பிரிச்சுச் சொல்லிச்சு. தெரிஞ்ச பொறுப்புக்கு எடுத்து வெக்கறது புரொவிஷன், அது லாபத்தைக் கணக்கிடறதுக்கு முன்னாடியே போகணும். லாபத்துலேர்ந்து எடுத்து வெக்கறது ரிசர்வ், அது லாபமேதான். இந்தப் பேரைக் குழப்பி வெச்சா யாருக்கு லாபம்னு நீங்களே யோசிச்சுக்கோங்க.

நம்ம ஊருக்குன்னே ஸ்பெஷலா இன்னொரு ஆசையும் இருந்துச்சு. வருமான வரிச் சட்டத்தோட எட்டாவது அட்டவணையில பின்தங்கின பகுதின்னு பாண்டிச்சேரி பேரும் இருந்துச்சு. 1993 ஏப்ரல்லேர்ந்து 2004 மார்ச் 31-க்குள்ள உற்பத்தி ஆரம்பிச்ச யூனிட்டுக்கு மொதல் அஞ்சு வருஷம் லாபத்துக்கு முழு வரிவிலக்கு. அப்புறம் கம்பெனிகளுக்கு 30 சதவீதம்தான் கழிவு. இப்போ கணக்குப் போடுங்க. அஞ்சாவது வருஷம் வித்த பொட்டியோட வாரண்ட்டிச் செலவை அந்த வருஷமே எழுதினா வரியில ஒரு பைசா மிச்சம் இல்ல. ஆறாவது வருஷம் எழுதினா மிச்சம் உண்டு. எந்தக் கம்பெனி செஞ்சுச்சுன்னு நான் சொல்ல வரல. ஆசை எந்தப் பக்கம் இழுக்கும்னு மட்டும் சொல்றேன். அந்தச் சலுகைக் காலம் முடிஞ்சு ரொம்ப வருஷம் ஆச்சு. "வரும்போது எழுதிக்கலாம்"ங்கற பழக்கம் மட்டும் எஸ்டேட்டை விட்டுப் போகல.

*

அப்போ என்னதான் பண்ணணும்ங்கறே? மூணே விஷயம்.

ஒண்ணு, மார்ச் 31 வரைக்கும் போட்ட ஜி.ஆர்.என். எல்லாத்தையும் பில்லோட ஒத்துப் பாத்து, பில்லு வராததுக்கு எண்ட்ரி போடுங்க. டிராயரைக் காலி பண்ணுங்க.

ரெண்டு, திரும்பி வர்ற பொட்டியை வந்த மாசத்துல மட்டும் எழுதாதீங்க. எந்த மாசம் செஞ்ச பேட்ச்னும் எழுதுங்க. அந்த ஒரு காலம் இருந்தா போதும், எந்தச் செலவு யாரோடதுன்னு தெரிஞ்சிடும்.

மூணு, போன வருஷம் ஒதுக்கினது எவ்ளோ, நிஜமா ஆனது எவ்ளோன்னு வருஷா வருஷம் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாருங்க. எப்பவும் கம்மியா ஒதுக்கினா ஏமாத்தறீங்க. எப்பவும் அதிகமா ஒதுக்கினாலும் ஏமாத்தறீங்க. ஒரு வருஷம் கூட, ஒரு வருஷம் குறைய இருந்தா நேர்மையா மதிப்பிடறீங்கன்னு அர்த்தம்.

போன மாசம் அண்ணனைப் பாத்தேன். வில்லியனூர் பக்கம் சொந்தமா சின்னதா யூ.பி.எஸ்., ஸ்டெபிலைசர் ரிப்பேர் கடை. ரிப்பேருக்கு ஆறு மாசம் கேரண்ட்டி தர்றாராம். ஒவ்வொரு வேலைக்கும் வாங்கற காசுல முப்பது ரூபாயை ஒரு பழைய ஹார்லிக்ஸ் பாட்டில்ல போட்டுடறார். திரும்பி வந்தா அதுலேர்ந்துதான் சாமான் வாங்குவார். ஆறு மாசம் தாண்டின வேலையோட காசை நோட்டுல டிக் அடிச்சு கல்லாவுக்கு மாத்திப்பார்.

"இன்னா தம்பி அப்படிப் பாக்கறே? அது என் காசு இல்ல. கேரண்ட்டி முடியற வரைக்கும் கஸ்டமர் காசு"ன்னார்.

கணக்கியல் தரம் 29-ஐ அவர் படிச்சதில்ல.

டிஸ்கி: மேல சொன்ன ஸ்டெபிலைசர் கம்பெனி எதுன்னு தேடாதீங்க. டிராயர் எல்லா ஆபீஸ்லயும்தான் இருக்கு :-)